சாம்பிராணிக்குப் பயந்த படை

வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்குப் பயந்த ஒரு படை மலேசியாவில் எங்கள் சிகாமட் வீட்டில் இருந்தது. ஆளுக்குச் சுண்டுவிரல் உயரம்தான். மேசைமேல் அட்டைக் குன்றுகளை வைத்து, பகடை உருட்டிப் போர் நடத்துகிற விளையாட்டுக்கான பொம்மை வீரர்கள். அவர்களுக்கு வண்ணம் பூசியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் வேலை. நீண்ட லீவில் வந்திருப்பதாகச் சொல்லி எங்கள் பின்னறையில் தங்கியிருந்தார். லீவு எப்போது முடியும் என்று அம்மா ஒருநாளும் கேட்கவில்லை. எனக்கு அது வசதிதான். மாமா போய்விட்டால் தூரிகை கழுவும் வேலையை எனக்கு யார் தருவார்கள்?

ஜொகூர் பாருவில் இந்தப் பொம்மைகளை விற்கும் கடைக்காரர், ஒரு படையைப் பூசிக் காட்டினால், பிடித்திருந்தால் இனி எல்லாப் பூச்சு வேலையும் மாமாவுக்கே என்று சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலை ரயிலில் கொண்டுபோக வேண்டும். செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் அள்ளிய செம்மண்ணை நான் சலித்துக் கொடுக்க, வீரர்களின் காலடி வட்டுகளில் பசை தடவி அதை ஒட்டினார். மிச்சம் வார்னிஷ் மட்டும். ஆனால் மழை விட்டால்தானே! ஈரக்காற்றில் வார்னிஷ் லேசில் காயாது. பிசுபிசுவென்று இருக்கும்போது தூசி பட்டால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். வேறு வழியில்லாமல் வெள்ளி சாயங்காலம் பூசி முடித்தார். பிறகுதான் கிழமையே அவருக்கு நினைவு வந்தது.

"அலமாக்! பாப்பா, கதவுகிட்ட நில்லு. அம்மாவ மட்டும் உள்ள விட்டுடாத லா."

எங்கள் வீட்டில் சாம்பிராணிக்கு எந்த அறையும் விலக்கு இல்லை. கூடத்தில் புகை மணந்ததுமே கதவை மறித்து நின்றேன். பொய் சொன்னால் அடி விழும். சொல்லாவிட்டால் படை காலி.

"மாமா தூங்குறாங்கம்மா."

"விளக்கு வெக்கிற நேரத்துல என்ன தூக்கம்? தள்ளு."

விலகிவிட்டேன். வேறென்ன செய்வது! உள்ளே மாமா, சாப்பாட்டை மூடும் வலைமூடியைப் படைமேல் கவிழ்த்து, இரண்டு கைகளையும் விரித்து மறைத்துக்கொண்டு நின்றார். வலை என்றால் ஓட்டை இருக்கும் என்பதுகூட அந்தப் பதற்றத்தில் அவருக்கு உறைக்கவில்லை.

"அக்கா, இந்த ரூம் வேணாங்கா. வார்னிஷ் ஈரமா இருக்கு. நாளைக்குக் கடைக்குக் கொண்டு போறது."

"அதுக்குத்தாண்டா."

அம்மா வலைமூடியைத் தூக்கி ஓரமாக வைத்தார். தூபக்காலைப் படையைச் சுற்றி மூன்று முறை காட்டினார். புகை போதவில்லை என்று வாயால் ஊதினார் வேறு! சாம்பல் பறந்து ஒவ்வொரு வீரன்மேலும் இறங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது.

"இந்த வேலையாவது என் தம்பிக்கு நிலைக்கணும் சாமி" என்று முணுமுணுத்துவிட்டு அம்மா அடுத்த அறைக்குப் போனார்.

மாமா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"பாப்பா, அம்மாகிட்ட நீ எதுவும் சொன்னியா?"

"என்ன மாமா சொல்லணும்?"

அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. எனக்கு அம்மாமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பல்குத்தும் குச்சி ஒன்றை எடுத்துவந்து, வீரர்களின் முகத்தில் ஒட்டிய சாம்பலை ஒவ்வொன்றாக நோண்ட ஆரம்பித்தேன்.

"விடு பாப்பா. சண்டைக்குப் போறவன்தானே, கொஞ்சம் தூசி இருக்கட்டும்" என்றார் மாமா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

மறுநாள் அந்தத் தூசியோடுதான் படை ரயிலேறியது. வேலையும் கிடைத்தது. நானோ, அன்று மாமா சாம்பலுக்காகத்தான் அழுதார் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.