ஆடுகிற வெயிட்

ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி ஒருத்தியை நான் கை நீட்டி அடித்திருக்கிறேன். கண்ணாடி வளையல் உடைகிற அளவுக்கு அடித்தேன். அடி வாங்கியவள் என் வீட்டுக்காரரின் தங்கை. கேட்டால் யாரும் "அடிப்பாவி" என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும், முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

தொண்ணூறுகளின் கடைசி. கோயம்புத்தூர் கணபதியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். சிங்கப்பூரில் வேலை பார்த்த என் அண்ணன் லீவில் வந்தபோது ஒரு கரண்டு குக்கர் கொண்டுவந்து கொடுத்தார். சோறு மட்டும் வேகிற சாதா குக்கர் இல்லை, பிரஷர் குக்கர். அடுப்பே வேண்டாம், பிளக்கைச் செருகி டைமரைத் திருகினால் போதும். ஆனால் சனியன், விசில் அடிக்காது. எங்கள் லைனில் விசில்தான் எல்லாம். பக்கத்து வீட்டு அக்கா நாலாவது விசிலுக்கும் அடுப்பை அணைக்காவிட்டால் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து நான் கத்துவேன். விசில் அடிக்காத குக்கரை எப்படி நம்புவது?

கூடவே இங்கிலீஷில் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. நான் ப்ளஸ் டூ. டிக்ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் எழுத்துக் கூட்டினேன். மூடி மேல் இருக்கிற வெயிட் லொடலொடவென்று ஆடத்தான் செய்யும், அதை இறுக்கக் கூடாது என்று போட்டிருந்தது. வெயிட்டுக்குப் பக்கத்தில் குண்டூசித் தலை மாதிரி ஒரு கம்பி. உள்ளே ஆவி இருந்தால் அது எழும்பி நிற்கும். அது தானாகக் கீழே இறங்கும்வரை மூடியைத் தொடக் கூடாது.

என் வீட்டுக்காரர் பம்ப் செட் பட்டறையில் டர்னர், லேத்தில் கடைகிற வேலை. அவர் தண்டுக்குக் கடைந்து போட்ட புஷ் வளையத்தில் தூசு நுழையாது என்று முதலாளியே சொல்வாராம். அப்படிப்பட்ட மனுஷர் கண் முன்னால் ஒரு வெயிட் ஆடினால் விடுவாரா?

"என்ன புள்ள இது, விழப்போற பல்லாட்டம் ஆடுது? இதெல்லாம் ஒரு பிட்டிங்கா?"

"ஆடத்தானுங்க வேணும். புக்குல போட்டிருக்குது."

"உங்கண்ணன் குடுத்ததக் குத்தம் சொன்னா உனக்குப் பொறுக்காதே!"

மறுநாளே வெயிட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோய், அதற்குள் பித்தளையில் ஒரு புஷ் கடைந்து அடித்துக்கொண்டு வந்துவிட்டார். அழுத்தி உட்கார வைத்தால் இம்மி அசையவில்லை. வாய் ஓயாத நான் அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டேன். அதற்கு இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பல்லடத்தில் கட்டிக்கொடுத்திருந்த அவர் தங்கை வந்திருந்தாள். சாயங்காலம் அவள் மாமியார் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. கை நிறைய அந்த அம்மா போட்டு அனுப்பிய பச்சை வளையல்.

"நங்கை, உங்க கையால அரிசியும் பருப்பும் செஞ்சு போடுங்க" என்றாள். அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவோம்.

"புதுக் குக்கர்ல வெய்யி. தங்கச்சி பாக்கட்டும்" என்றார் அவர்.

வைத்தேன். டைமர் டிங் என்றது. அவர் வந்து வெயிட்டை ஆவி போகிற பக்கம் திருப்பினார். புஸ்ஸென்று வர வேண்டும். ஒன்றும் வரவில்லை.

"பாத்தியா? ஆவியே இல்ல. தொற."

"அந்தக் கம்பி மேலயே நிக்குதுங்க. எறங்கட்டும்."

"அது சோத்துப்பசையில ஒட்டிட்டு நிக்குது." மூடியைத் திருகிப் பார்த்தார். வரவில்லை. "ரப்பர் புடிச்சுக்கிச்சு. இரு, நெம்பிப்போடலாம்."

"வேண்டாமுங்க!"

"எனக்கு வால்வு பத்திச் சொல்லிக் குடுக்கறியா நீ?"

என் குரலும் ஏறியது, அவர் குரலும் ஏறியது. பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். அவர் வாசலில் நின்ற வண்டிப் பெட்டியிலிருந்து ஸ்பேனர் எடுக்கப் போனார்.

அந்தப் பிள்ளைக்கு நாங்கள் சண்டை போடுவது பொறுக்கவில்லை. "இதுக்குப் போயி ஏனுங்க நங்கை, நானே தொறந்துபோடறேன்" என்று எழுந்துவிட்டாள். நான் திரும்புவதற்குள் வயிறு மேடையில் இடிக்க, மூடிக்கு நேராகக் குனிந்து, இரண்டு கையாலும் திருகினாள். தறி வீட்டில் வேலை செய்த கை. மூடி கிரீச்சென்றது. நகர்ந்தது.

அடித்தேன். விட்டேன் ஒரு அடி. வளையல் சிதறியது. அவள் மணிக்கட்டில் ரத்தம் துளிர்த்தது. "அய்யோ, நங்கை!" என்று சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

ஸ்பேனரோடு ஓடிவந்தார். "என்ர தங்கச்சியவா அடிச்சே? மாசமா இருக்கறவள?" கை ஓங்கிவிட்டார்.

"அடிக்கறதுன்னா அடிங்க. அதுக்கு முன்னால அந்தக் கம்பியப் பாருங்க. எறங்கலீங்க!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. குக்கர் சத்தமே போடாமல் உட்கார்ந்திருந்தது. ஒருவேளை ஆவியே இல்லையென்றால்? பிள்ளைத்தாச்சியை ஒன்றுமில்லாததற்கு அடித்து, வளையலையும் உடைத்தவள் ஆவேன். இந்த ஜென்மத்தில் அந்த வீட்டில் எனக்குத் தலை நிமிராது. அவள் விசும்பிக்கொண்டே இருந்தாள்.

எவ்வளவு நேரம் போனதோ. அவரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றார். அவளைக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். கையில் ஈரச்சாக்கைச் சுற்றிக்கொண்டு, நீளக் குறடால் எட்ட நின்று வெயிட்டைப் பிடித்து இழுத்தார்.

அம்மாடி! சீறிய சத்தத்தில் லைன் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. ஓட்டுக்கூரைவரை போய் அடித்தது ஆவியும் பருப்புமாக. நிற்கவே இல்லை. கடைசியில் டிக் என்று ஒரு சின்னச் சத்தம். கம்பி இறங்கியது. அவர் தொட்டதும் மூடி சும்மாவே கழன்று வந்தது.

வெளியே வந்தார். தலையெல்லாம் மஞ்சள் பருப்பு. தங்கையின் முகத்தையே பார்த்தார், பிறகு வயிற்றைப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ண்ணா, அத்தை வந்து கேட்டாங்கன்னா கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொல்லிக்கறேன்" என்றாள் அவள், என்னைப் பார்த்துக்கொண்டே. அந்தப் பிள்ளையின் மனசுக்கு நான் என்ன செய்வேன்? என் வளையலைக் கழற்றி, சோப்புப் போட்டு அவள் கையில் ஏற்றினேன். எனக்குக் கண் தெரியவில்லை, அவ்வளவு அழுகை.

சாயங்காலம் மாமியார் வந்ததும் பார்வை நேராக மணிக்கட்டுக்குத்தான் போனது. "என்ன கண்ணு இது? நான் போட்ட வளையல் எங்க?"

"கதவுல…" என்று அவள் ஆரம்பிப்பதற்குள் இவர் எழுந்து நின்றார்.

"அது என்ர கை வேலைங்க அத்தை. தெரியாத சாமானத்துல கைய வெச்சுப்போட்டேன். இவ அடிச்சதாலதான் உங்க மருமக முழுசா நிக்கறா."

தான் கடைந்த பொருளைத் தானே குறை சொல்லி அந்த மனுஷர் வாயிலிருந்து நான் கேட்டது அது ஒன்றுதான். ஆவி போகிற வழியை அடைத்திருந்த அந்தப் பித்தளைப் புஷ்ஷை அன்றைக்கே தட்டி எடுத்துவிட்டார்.

அந்தக் குக்கர் இருந்த காலம் வரைக்கும், நான் பிளக்கைச் செருகப் போகும்போதெல்லாம் முன்னறையிலிருந்து குரல் வரும்.

"ஆடுதா?"

வெயிட்டை விரலால் தட்டிப் பார்ப்பேன்.

"ஆடுதுங்க."