கீழ பக்கம் போன கப்பல்

அந்த அட்லஸைத் திறந்தால் இன்றைக்கும் மைதாப் பசையின் புளித்த வாசனை வருகிறது. ஏழாம் வகுப்பில் படிக்கும்போது பொது அறிவுப் போட்டியில் நான் வாங்கிய பரிசு அது. 'வாங்கிய' என்று எழுதவே கை கூசுகிறது.

நான் மதுரை வில்லாபுரத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் வரும் வாத்தியார் வீட்டுப் பெண். என் தோழி முத்துமாரி செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா பழைய பேப்பர்க் கடையில் எடைக்கு வாங்கி வந்த, அட்டை போன பூகோளப் புத்தகம் ஒன்றை மனப்பாடமாக வைத்திருந்தாள். சகாரா பாலைவனத்துத் தூசி கடல் தாண்டிப் பறந்து அமேசான் காட்டுக்கு உரமாகிறது என்பாள். "அம்புட்டுத் தூரமா? சும்மா அளக்காதடி" என்பேன். ரஷ்யாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தீவுகள் இருக்கின்றன, இங்கே இன்றைக்கு என்றால் எதிர்த் தீவில் நாளைக்கு என்று ஒருநாள் சொன்னாள். "அங்கன ஆள் இருந்தா நாளைக்குப் பரீட்சைக் கேள்வியக் கேட்டுக்கிறலாம்டி!"

அந்தப் புத்தகத்தில் வரைபடங்களை மட்டும் யாரோ கிழித்திருந்தார்கள். அதனால் போட்டிக்குப் பரிசு அட்லஸ் என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் நாங்கள் இருவர்தான் மிஞ்சினோம். அட்லாண்டிக் கடலிலிருந்து பனாமா கால்வாய் வழியாகப் பசிபிக் கடலுக்குப் போகும் கப்பல் எந்தப் பக்கம் போகும் என்று, வட மாவட்டத்திலிருந்து வந்திருந்த நடுவர் முதலில் அவளிடம் கேட்டார்.

"கீழ பக்கம் சார்."

"பள்ளத்துக்குள்ளயா போகுது? நான் திசையைக் கேட்டேம்மா" என்றார் அவர். கூடமே சிரித்தது. கேள்வி என்னிடம் வந்தது.

மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீழ மாசி வீதி கிழக்கே இருக்கிறது, மேல மாசி வீதி மேற்கே. எல்லோரையும் போல நானும் மேற்கு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் முத்துமாரி சொன்னால் தப்பாக இருக்காது என்று எனக்குத் தெரியும்.

"கிழக்கு சார்" என்றேன்.

"தென்கிழக்குன்னா இன்னும் சரி. பரவாயில்ல, பரிசு உனக்குத்தான்" என்றார். கால்வாய் அங்கே அப்படி வளைந்து கிடக்கிறதாம். முதலில் கை தட்டியவள் முத்துமாரி. அவளும் அதைத்தான் சொன்னாள் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் அவள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு ஒதுங்கியே திரிந்தேன். மறுவருஷம் அவள் வேறு பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

போன மாதம் ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பில், மகளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டுத் திரும்பிய முத்துமாரியைப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் சொன்னது அவருக்கு வெளங்கலன்னு எனக்காக நீ எடுத்துச் சொல்றன்னுல்ல நெனச்சேன். அதான்டி கை தட்டுனேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது வழி சொல்லும் போன் 'இடது, வலது' என்கிறது. கீழயும் மேலயும் தெருப் பலகையோடு நின்றுவிட்டன. அட்லஸைப் பையில் எடுத்து வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை செல்லூருக்குப் போக வேண்டும். வீட்டுக்கு வழி கேட்டதற்கு முத்துமாரி சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"பாலத்துல எறங்கி கீழ பக்கம் வா. ஒனக்குத்தான் தெரியுமே!"