பதினெட்டுப் பேர் பாடிய வரி

அறுபதுகளில் வந்த ஒரு பாட்டு பிறந்த கதையை மேடையேறிச் சொல்லி அசடு வழிந்தவன் நான். நடுவில் ஒரு வரியைப் பெண்கள் கூட்டமாகப் பாடுவார்கள், அதற்கென்றே இசையமைப்பாளர் மில் பெண்களை வரவழைத்தார் என்று அளந்தேன். முன்வரிசைப் பெரியவர் செல்போனில் பாட்டைப் போட்டார். ஒற்றைக் குரல்தான். கதை என் சரக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கூட்டக் குரலை நான் கேட்டது நிஜம். காதையே நம்ப முடியாவிட்டால் மனிதன் என்ன செய்வான்?

நேற்று மத்தாப்புப் பெட்டியைத் திறந்தேன். மருந்து வாசனையோடு, இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அம்மா வேலைக்குப் போன பட்டாசு கம்பெனி வேன் வந்து நின்றது. என்னை ஆமத்தூர் பள்ளியில் இறக்கிவிடும் அந்த வேனில் மல்லிகையும் டீசலும், குளித்தாலும் போகாத மருந்தும் மணக்க, தினமும் ஓடும் ஒரே கேசட்டில் யாரோ தவறுதலாக ரெக்கார்ட் பட்டனை அழுத்தி அந்தப் பாட்டின் ஒரு வரியை அழித்திருக்க, அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுப் பதினெட்டுப் பெண்களும் சேர்ந்து பாடி நிரப்புவார்கள். அசலைவிட அதுதான் எனக்கு இன்றும் உசத்தி.

அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அந்த வரி எங்களுக்கு எங்கலே தெரியும்? ஆளுக்கு ஒண்ணா வாய்க்கு வந்ததைக் கத்துனோம்" என்றாள்.