கதை வகுப்பும் கூத்தாநல்லூர் கேசட்டுகளும்

ஆங்கிலத்தில் கதை எழுத ஆசைப்படுகிறவர்களுக்குத் தஞ்சாவூரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வகுப்பு எடுக்கிறேன். பாதி நாள் கதைப் பக்கமே போக முடிவதில்லை. ஒன்றுபோல் இருக்கும் வார்த்தைகளோடு மல்லுக்கட்டியே பொழுது போய்விடும். போன மாதம் ஒரு பெண், சவுதியில் மாட்டிக்கொண்ட ஒருவனைப் பற்றி எழுதி வந்தாள். அவன் டெசர்ட்டில் வெறுங்காலோடு நடக்கிறான். பாலைவனத்துக்கு ஒரு எஸ் போதும். இவள் இரண்டு போட்டிருந்தாள்; அது சாப்பாட்டுக்குப் பிறகு தரும் இனிப்பு. "ஏம்மா, ஒன் ஆளு பாயசத்துலயா நடக்குறான்?" என்றேன். வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள்.

இதற்கெல்லாம் எனக்குக் கோபம் வராது. அஃபெக்ட் எது, எஃபெக்ட் எது என்று நானே ரியாத்தில் டைப்பிஸ்டாக இருந்தபோது திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டேன். கதையில் ஒளித்து விளையாடினால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பெண்ணின் கதையில் அவனுடைய தாய் இறந்துபோன விஷயம் கடைசி வரியில்தான் வருகிறது. படிக்கிறவர்கள் திடுக்கிட வேண்டுமாம்.

"அடப் போம்மா! யாருக்கு என்ன வேணும், எது குறுக்க நிக்குதுன்னு மொதல்லயே சொல்லித் தொலை. ஒளிச்சு வச்சு என்னத்தக் கண்ட?" என்று கத்திவிட்டேன். பாவம், அந்தப் பெண்ணுக்கு முகம் செத்துவிட்டது. அவளுக்கு எங்கள் வீட்டுக் கதை எப்படித் தெரியும்?

நானும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாவதற்கு முன்னால் என் அம்மாவுக்கு என்னை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று இருந்தது. அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இந்தியா கதவைத் திறந்துவிட்டது, வெளிநாட்டுக் கம்பெனிகள் வரப்போகின்றன என்று பேப்பரில் எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கூத்தாநல்லூரில் அதற்கு வெகுமுன்பே வீட்டுக்கு ஒருத்தராவது சபரில், அதாவது வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தார்கள். போன் பேசக் கட்டுப்படியாகாது. லீவில் வந்து திரும்புகிறவர்களிடம் கேசட் கொடுத்துவிடுவார்கள். டேப் ரிக்கார்டரைச் சுற்றி வீடே உட்கார்ந்து ஆளுக்குக் கொஞ்சம் பேசிப் பதிவார்கள். அதற்கு ஒரே சட்டம்தான்: சபரில் இருப்பவனுக்குக் கெட்ட சேதி சொல்லக்கூடாது. அழுதால் கண்ணைத் துடைத்துவிட அங்கே அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

முதல் வருஷம் கேசட் பூராவும் அம்மாதான். தின்றாயா, தூங்கினாயா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அப்புறம் அம்மாவின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்றாள் அக்கா. அடுத்ததில், அம்மா தொழுகையில் இருக்கிறார்கள் என்றாள். நானும் நம்பினேன். வகுப்பில் சொல்வேன், அஷ்யூர் என்றால் ஆளுக்குத் தைரியம் சொல்வது, என்ஷ்யூர் என்றால் காரியம் நடக்கும்படி பார்ப்பது. எங்கள் வீட்டில் எல்லோரும் எனக்குத் தைரியம்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் முதலாளி நல்ல மனிதர். தாய்க்கு முடியவில்லை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே டிக்கெட் போட்டிருப்பார்.

அக்ரிமெண்ட் முடிந்து திருச்சியில் வந்து இறங்கினேன். அக்கா மட்டும் கார் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அம்மா ஏன் வரவில்லை என்றதற்கு, "வீட்டுல இருக்காங்க, வா" என்றாள். தஞ்சாவூர் தாண்டும்வரை என் முகத்தையே பார்க்கவில்லை. நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தது. அங்கே கேட் போட்டால் லேசில் திறக்காது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். டிரைவர் டீ குடிக்க இறங்கினார். அப்போதுதான் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு உடைந்தாள்.

"தம்பி, அம்மா மவுத்தாயி மூணு மாசம் ஆச்சுடா."

நான் அவள் கையை உதறினேன். "ஏன்க்கா சொல்லல? ஏன் சொல்லல?" என்று கத்தினேன். பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சபர்ல இருக்கிற புள்ளைட்ட எப்புடிடா சொல்றது? வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுத்தான் இருந்தோம்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "கடைசியா வந்த கேசட்ட வச்சிருக்கியா?"

"பெட்டியில இருக்கு."

"அதுல மொதல்ல அம்மாதான் பேசுனாங்க. எங்களை எல்லாம் வெளியில போகச் சொல்லிட்டு, 'ஒரு தடவ வந்துட்டுப் போயேம்ப்பா, ஒம் மொகத்தப் பாத்துட்டாப் போதும்'னு பேசியிருந்தாங்க. நான் போட்டுக் கேட்டேன். நீ தாங்க மாட்டேன்னு அது மேலயே நான் பேசிப் பதிஞ்சுட்டேன்டா. அனுப்பியாச்சும்மான்னு அவங்கள்ட்ட சொன்னேன். அவங்க நீ வருவேன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க."

நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ் வண்டி போய் முடிந்தது, கேட் திறந்தது. டிரைவர் வந்து வண்டியை எடுத்தார். நேராக மையத்தாங்கொல்லைக்குப் போய் அம்மாவை அடக்கிய இடத்தில் நின்றேன். என்ன துஆ கேட்டு வேண்டினேன் என்று நினைவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து அந்தக் கேசட்டைப் போட்டேன். சத்தத்தை முழுக்க வைத்து ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டேன். அடியில் எங்காவது அம்மாவின் குரல் ஒட்டிக்கொண்டிருக்காதா என்று ஒரு நப்பாசை. இரண்டு பக்கமும் கேட்டேன். அம்மா என்னைக் கூப்பிட்ட இடத்தில் அக்கா சிரித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள்: "நம்ம வயல்ல குறுவை நல்லா வந்திருக்கு. அம்மா சொகமா இருக்காங்க. நீ அவசரப்பட்டு வராத தம்பி, வேலையப் பாரு."