மூன்று தரம் ஓடிய சந்தை

தொண்ணூறுகளில், டொரொன்டோவில் யூதத் திரைப்பட விழாக்காரர் வாடகைக்கு எடுக்கும் ஒரு பழைய தியேட்டரில் நான் படம் ஓட்டினேன். அதற்கு முன் அதே தியேட்டரில் மூன்று வருடம் நிலம் கூட்டினேன். அதற்கும் முன் யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருடம் ஒப்பரேட்டர். ஆக, கூட்டுமாறு என் வாழ்க்கையில் ஒரு இடைவேளை மட்டும்தான் என்று மனைவியிடம் சொல்வேன். அவள் சிரித்ததாக நினைவில்லை.

வெறும் படங்கள் ஓடும் நாட்களில் என்னை யாரும் கவனிப்பதில்லை. நோட்டீசில் 'சிறப்பு நிகழ்ச்சி' என்று போட்ட நாட்கள்தான் தொல்லை. ஒருமுறை கல்யாண வீட்டு வாத்தியக்காரர் வந்து வாசிக்க, சனம் கைகோத்து ஆடி, இரண்டு கதிரைகளுக்குக் கால் போனது. நான் சொல்லப்போகும் ஞாயிறு மத்தியானம் கொஞ்சம் அடக்கமானது. போலந்தில் ஒரு சின்ன ஊரின் சந்தையை, யுத்தத்துக்கு முன் யாரோ எடுத்த ஊமைப் படம். இருபது நிமிடம். திரைக்குக் கீழே ஒருவர் பியானோ வாசிப்பார். பிறகு அந்த ஊரில் பிறந்த ஒரு அம்மா பேசுவார். அதன் பிறகு கீழ் மண்டபத்தில் எல்லாருக்கும் பேகல் என்ற வளைய ரொட்டி.

சிறப்பு நிகழ்ச்சி என்பதால் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு போயிருந்தேன். ஸ்காபரோவிலிருந்து இரண்டு பஸ், ஒரு சப்வே, எல்லாவற்றிலும் ரையோடு. படம் ஓட்டும் அறையில் என்னை ஒருவரும் பார்க்கப் போவதில்லை. மெசினுக்குள் மாட்டாமல் அதைச் சேட்டுக்குள் செருகிவிட்டதால் நானும் பார்க்கவில்லை.

விழாக்காரப் பெண் படப்பெட்டியோடு ஒரு தாளும் கொண்டுவந்தார். பிரதி கடல் கடந்த ஒரு ஆவணக் காப்பகத்துக்குச் சொந்தம். ஒரு தரம் மட்டும் ஓட்டலாம். நடுவில் நிறுத்தக்கூடாது. திருப்பக்கூடாது. மனேஜர் அதை எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார். ஒரு கீறல் விழுந்தாலும் நாங்கள் இருவரும் சேர்ந்து நிலம் கூட்ட வேண்டி வரும் என்றார்.

படம் தொடங்க அரை மணித்தியாலம் இருக்கும்போது, பேச வந்த அம்மா மெல்ல மெல்லப் படியேறி என் அறைக்கு வந்தார். எழுபது வயதிருக்கும். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே அளவில் உடைந்தவை. அதனால் ஒருவர் சொன்னது மற்றவருக்கு நன்றாக விளங்கியது. அவர் சொன்னதை எங்கள் பேச்சிலேயே போடுகிறேன்.

"தம்பி, உந்தப் படத்திலை என்ரை அம்மா வாறா. கமராக்காரன் வந்த அண்டைக்கு அவவும் சந்தைக்குப் போனவ. எனக்குக் காய்ச்சல், வீட்டிலை விட்டிட்டுப் போட்டா. அவவின்ரை ஒரு போட்டோவும் என்னட்டை இல்லை. முகம் வரவர மறந்துகொண்டு போகுது. எங்கை இருந்தால் வடிவாத் தெரியும்?"

"மூண்டாவது வரிசை, நட்டநடு" என்றேன். அந்த வேலையை மட்டும் அன்றைக்குச் சரியாகச் செய்தேன்.

யாழ்ப்பாணத்தில் ஒப்பரேட்டருக்கு ஒரே ஒரு விதிதான். பாட்டோ சண்டையோ முடிந்ததும் சனம் 'வன்ஸ் மோர்' என்று கத்தினால், மெசினை நிறுத்தி, படச்சுருளைக் கையால் பின்னுக்கு இழுத்து, மறுபடி போட வேண்டும். போடாவிட்டால் கதிரைச் சீலை கிழியும். ஒன்பது வருடத்தில் இந்த விஷயத்தில் என் மூளைக்கும் கைக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோயிருந்தது.

படம் ஓடியது. முட்டைக் கூடைகள், ஒரு குதிரை, கமராவைக் கண்டு தொப்பியைச் சரிசெய்த ஒரு தாடிக்காரர். பாதியில் தலையில் துணி கட்டிய ஒரு பெண் திரும்பிச் சிரித்தார். மூன்றாவது வரிசையிலிருந்து, தன் பாஷையில் அம்மாவை அழைத்து ஒரு குரல் கிளம்பியது. சனம் அசைந்தது. யாரோ கை தட்டினார்கள்.

நான் பார்த்தபோது என் கை மெசினை நிறுத்தியிருந்தது.

தியேட்டர் இருண்டது. கீழே பொப்கோர்ன் விற்கும் அண்ணை, மன்னார்க்காரர், ஓடிவந்தார்.

"டேய், என்னடாப்பா செய்யிறாய்?"

"திருப்பிப் போடுறன்."

"உனக்கென்ன விசரே? உது யாழ்ப்பாணமே?"

"சனம் கேட்டதண்ணை."

"ஆர் கேட்டது? மனிசி அழுதது! துரை ரை கட்டினாப் போலை காணுமே, மூளை வேண்டாமே?"

"பேசாமல் உந்த நுனியைப் பிடியுங்கோ. முதல் கையைத் துடையுங்கோ, எண்ணெய்."

துடைத்துவிட்டுப் பிடித்தார். நல்ல மனிதர். பியானோக்காரர் இருட்டில் என்ன வாசிப்பது என்று தெரியாமல் ஒரே கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். மூன்று நிமிடத்தில் தாடிக்காரர் மறுபடி தொப்பியைச் சரிசெய்தார். அந்தப் பெண் மறுபடி சிரித்தார். இந்த முறை மூன்றாவது வரிசையில் ஒரு சத்தமும் இல்லை.

படம் முடிந்ததும் அந்த அம்மா மைக்கைப் பிடித்தார்.

"முதல் தரம் அது என்ரை அம்மா. ரெண்டாந்தரம் வடிவாப் பாத்தன், முன்பல்லு இல்லை. அது பக்கத்து வீட்டுக்காரி. எங்கடை பந்து விழுந்தால் திருப்பித் தராதவ."

சனம் சிரித்தது. பகிடி விடுகிறவன் என்று பெயரெடுத்த எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தாளில் சொன்னபடி ஒரு தரம் ஓட்டியிருந்தால் அவர் தாயைக் கண்ட மனிசியாக வீட்டுக்குப் போயிருப்பார். நான் குறுக்கே விழுந்து, தாயைப் பறித்துப் பக்கத்து வீட்டுக்காரியைக் கொடுத்திருக்கிறேன்.

சனம் பேகலுக்கு இறங்கியதும் மனேஜரும் விழாக்காரப் பெண்ணும் மேலே வந்தார்கள். கூட்டுமாறு எந்த அலுமாரியில் இருக்கிறது என்று யோசித்தேன். அவர்களுக்குப் பின்னால் அந்த அம்மாவும் மூச்சு வாங்க வந்தார்.

"தம்பி, இன்னொருக்காப் போடு. அவ ஒருநாளும் தனியச் சந்தைக்குப் போகாதவ. என்ரை அம்மாவோடைதான் போவா. நான் முகத்தையே பாத்துக்கொண்டு இருந்திட்டன், பக்கத்திலை பாக்கேல்லை."

எல்லாரும் விழாக்காரப் பெண்ணைப் பார்த்தோம். அவர் தாளைப் பார்த்தார். பிறகு அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். தான் கீழே சாப்பிடப் போவதாகவும், மேலே என்ன நடக்கிறது என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். மனேஜருக்கும் திடீரென்று பசித்தது.

அந்த அம்மா மெசினுக்குப் பக்கத்துச் சின்ன ஜன்னலில் நின்றார்.

"அந்த இடம் வரேக்கை நிப்பாட்டி வைப்பியே?"

"நிப்பாட்டினால் லைற்றுச் சூட்டிலை படம் உருகிப்போடும், அம்மா."

"அப்ப ஓடட்டும்."

ஆளில்லாத தியேட்டருக்கு மூன்றாம் தரம் சந்தை கூடியது. பியானோ இல்லை. பக்கத்து வீட்டுக்காரி திரும்பினார், சிரித்தார். அவருடைய முழங்கையைத் திரையின் இடது ஓரத்திலிருந்து ஒரு கை பிடித்து இழுத்தது. நின்றது போதும், வா என்பதுபோல. இரண்டு செக்கன். கைக்குரியவர் திரைக்குள் வரவேயில்லை.

அந்த அம்மா ஜன்னலை விட்டு விலகவில்லை. எனக்குப் பயம் பிடித்தது.

"முகம் வரேல்லையே, அம்மா."

"முகம் என்னத்துக்கு? கையைப் பாத்தனியே? சின்னிவிரல் வளைஞ்சு நிண்டது. உந்தக் கையாலை எவ்வளவு அடி வாங்கினனான்."

தன் வலது கையை மெசின் வெளிச்சத்தில் விரித்து எனக்குக் காட்டினார். கடைசியில் இருந்த சின்னிவிரல் வளைந்துதான் நின்றது.

படத்தின் மிச்சத்தையும் இருவரும் நின்று பார்த்தோம். கீழே போனபோது பேகல் முடிந்துவிட்டது. அதற்காக அவர் மனேஜரை நல்ல நீளமாகத் திட்டினார்.