கயிறு கட்டி இழுத்த படகு

சாமுவேல் பிறந்தது வேகவதி ஆற்றங்கரைச் சேரியில். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்பு. மழை பொய்த்துக் கூலிவேலையும் அற்றுப்போன ஒரு வருஷம், பெங்களூருக்குப் போய்ச் சாப்பர் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். பாலம் கட்டுவது, பாதை வெட்டுவது, படகு விடுவது, இவைதான் அந்தப் பட்டாளத்துக்கு வேலை. மெசபடோமியா சண்டைக்குப் போய் உயிரோடு திரும்பியபோது நாயக் பதவியும் ஒப்பேற்றும் அளவுக்கு இங்கிலீஷும் இருந்தன. ஊருக்கு வந்தால் மட்டும் அவன் பழையபடி சேரிச் சின்னப்பையனின் மகன்தான். அக்கிரகாரத் தெருவழியே போனால் கூப்பிடு தூரமே உள்ள கடைத்தெருவுக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போவான். முன்பு வெறுங்காலோடு சுற்றினான், இப்போது பூட்ஸ் காலோடு சுற்றினான். அவ்வளவுதான் வித்தியாசம்!

சண்டை முடிந்து நாலைந்து வருஷம் கழித்து, ஓர் ஐப்பசியில் வேகவதி கரையை உடைத்துக்கொண்டது. சாயங்காலம் பெங்களூருக்குத் தந்தி போயிற்று. மறுநாள் காலை பட்டாளம் படகோடு ரயிலிலிருந்து இறங்கிவிட்டது. அந்த வேகத்தைப் பார்த்து ஊரே மூக்கின்மேல் விரலை வைத்தது.

சாமுவேலுக்கு ஊர் தெரியும் என்பதால் லெப்டினன்ட் துரை அவனைத் தன் படகிலேயே ஏற்றிக்கொண்டார். வழியில் முதலில் அக்கிரகாரம், அதைத் தாண்டித்தான் சேரி. சேரி ஜனம் புளியமரத்தில் ஏறித் தொங்கிக்கொண்டிருப்பதாகக் கரையில் நின்றவர்கள் கத்தினார்கள். சாமுவேல் துடுப்பை வேகமாய்ப் போட்டான். அப்பனும் ஆத்தாளும் அங்கேதான்.

அக்கிரகாரத்தில் எல்லாரும் முந்தின நாளே மேட்டு மண்டபத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். கடைசி வீட்டு மாடியில் மட்டும் அம்ருதவல்லி அம்மாள், கையில் பூஜைப் பெட்டியோடு நின்றாள். அத்தையை விட்டுப் போக முடியாமல் மருமான் யதிராஜனும் கூட நின்றான். படகு மாடிக்குக் கீழே வந்து நின்றது.

"ஏண்டாப்பா, நீ நம்மூர்ப் பிள்ளையோ? யார் மகன்?"

"சின்னப்பையன் மகன்மா."

அவ்வளவுதான், அம்மாள் இரண்டடி பின்வாங்கினாள். "யதிராஜா, இவாளோட ஒரே படகுல நான் ஏறமாட்டேன். இறங்கச் சொல்லு."

"அத்தை, தண்ணி மாடிப்படி ஏறிண்டிருக்கு!"

"ஏறட்டுமே. பெருமாள் விட்ட வழி."

"என்ன சொல்கிறாள்?" என்று துரை கேட்டார்.

உள்ளதைச் சொல்லியிருந்தால் துரை அம்மாளைப் பெட்டியோடு தூக்கிப் படகில் வைத்திருப்பார். தன் ஊர்க்காரர்கள் தன்னை எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதை வெள்ளைக்காரனிடம் தன் வாயாலேயே சொல்வதா? சாமுவேலை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"படகு பாரம் தாங்காதோன்னு பயப்படறாங்க, சார்."

துரை நல்ல மனுஷன், நம்பிவிட்டார். எல்லாரையும் இறங்கச் சொல்லித் தாமும் இறங்கினார். மார்பளவு தண்ணீர், எதிர் வெள்ளம், காலடியில் சேறு. அத்தையும் மருமானும் படகில் உட்கார, பட்டாளம் கயிறு கட்டி இழுத்தது. துடுப்புப் போட்டால் ஐந்து நிமிஷத்தில் போகிற மண்டபத்துக்கு முக்கால் மணி நேரம்! "மெல்ல, மெல்ல, பெட்டி ஆடறது" என்று அம்மாள் வேறு சொல்லிக்கொண்டே வந்தாள்.

அவர்களை மண்டபத்தில் இறக்கிவிட்டுப் படகு சேரிக்குப் பறந்தது. புளியமரத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். ஆத்தாள் எல்லம்மாள் கிளையோடு புடவையால் தன்னைக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கிளையில் யாரும் இல்லை.

"அப்பன் எங்க ஆத்தா?"

"தண்ணியில பூட்டாருப்பா. மரத்துமேலேந்து ஒன் படவப் பாத்துக்கினேதான் இருந்தோம். எம்புள்ள வந்துட்டான்னு கையாட்டிக்கினே இருந்தாரு. எம்மா நேரந்தான் கெயவன் ஒத்தக் கையில புடிச்சிக்கினு இருப்பாரு?" அவளுக்கு அழுகைகூட வரவில்லை. "பெங்களூர்லேந்து ஒரு ராவுல வந்துட்டியே. அந்த ஒரு தெருவத் தாண்ட இம்மாம் நேரமா? இன்னாத்துக்குப்பா எல்லாரும் எறங்கி நடந்தீங்க?"

இந்தத் தடவை சாமுவேல் உள்ளதைச் சொன்னான், ஆத்தாளுக்குத் தமிழில், துரைக்கு இங்கிலீஷில்.

எல்லம்மாள் கேட்டாள்: "இத்த அப்பவே தொரகிட்ட சொல்றதுக்கு இன்னாப்பா?"