நூற்று நாற்பது ‘இல்லாவிட்டால்’

கோட்டக்குப்பத்திலிருந்து திண்டிவனத்துக்கு வேலைக்குப் போக ஃபர்ஹீன் தினமும் இரண்டு பஸ் ஏற வேண்டும். பாண்டிச்சேரியில் ஏறும் இரண்டாவது பஸ்ஸில் கிளியனூர் தாண்டும்வரை நின்றுகொண்டுதான் வருவாள். அப்படியும் ஒன்பதே காலுக்குப் பட்டறையில் இருப்பாள். தனியார் பஸ்களின் நெற்றியில் ஊர்ப்பெயர் காட்டும் எல்.இ.டி. போர்டுகளைச் செய்து மாட்டும் பட்டறை அது. முதலாளி கோதண்டபாணிக்கு வெல்டிங்கும் ஒயரிங்கும் அத்துப்படி. போர்டுக்குள் இருக்கும் புரோகிராம் மட்டும் தெரியாது. அதை எழுதிய பிரவீன்குமார் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட, பி.சி.ஏ. முடித்திருந்த ஃபர்ஹீனைச் சேர்த்துக்கொண்டார்.

மூன்றாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, விழுப்புரம் பஸ்ஸின் கண்டக்டர் சவுரிராயன் பட்டறைக்குள் வந்து நின்றார்.

“உன் போர்டு பொய் சொல்லுதும்மா. காலைல புதுசா விட்டிருக்கிற நடை, அந்த ட்ரிப்பு வழியில எங்கயும் நிக்காது. போர்டு இன்னாடான்னா முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி நிற்கும்னு காட்டுது. வீரம்மாள்னு ஒரு அம்மா, புள்ளைக்கு ஆபரேஷன்னு கஞ்சி எடுத்துக்கினு ஏறிச்சு. கூட்டத்துல டிக்கெட் போட்டுக்கினே நான் அதுகிட்ட வர்றதுக்குள்ள ஆஸ்பத்திரி தாண்டிடுச்சு. இறங்கி வெயில்ல திரும்பி நடந்து போச்சு. என்னை ஒரு வார்த்தை திட்டல. அதான் பேஜாரா இருக்குது.”

அந்தப் புது நடையைப் புரோகிராமில் சேர்த்தவள் ஃபர்ஹீன்தான். “தப்பு என்னோடதுண்ணே,” என்றாள். சவுரிராயன் அதை எதிர்பார்க்கவில்லை. வேறு யாராவது என்றால் எல்.இ.டி. கம்பெனிக்காரன் மேலோ மழைத் தண்ணீர் மேலோ பழியைப் போட்டிருப்பார்கள்.

நடந்தது இதுதான். புரோகிராம் முழுக்க ஒரே சங்கிலி: இந்த நடையா, இதைக் காட்டு, இல்லாவிட்டால் அந்த நடையா, அதைக் காட்டு, இல்லாவிட்டால்... ஃபர்ஹீன் புது நடையைக் கடைசியில் சேர்த்திருந்தாள். ஆனால் மேலே எங்கோ, ‘மதியத்துக்கு முன்னால் விழுப்புரம் போகும் வண்டியா, ஆஸ்பத்திரி என்று காட்டு’ என்று ஒரு வரி இருந்தது. கம்ப்யூட்டர் அங்கேயே பதிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. அவள் எழுதிய வரிவரைக்கும் அது வரவே இல்லை.

வரியை மேலே தூக்கி வைத்தாள். அந்த நடை சரியானது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே வண்டி, விழுப்புரம் தாண்டிக் காணை என்ற ஊர்வரை போகும் நடையில் தப்பாகக் காட்டியது. தூக்கி வைத்த வரி அதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. அன்றைக்குத்தான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தாள். நூற்று நாற்பது ‘இல்லாவிட்டால்’. ஒன்றை நகர்த்தினால் மற்றது எது கெடும் என்று எழுதியவனாலேயே சொல்ல முடியாது.

கடையில் நாலு சார்ட் பேப்பர் வாங்கி ஒட்டிப் பட்டறைத் தரையில் விரித்தாள். இடப்பக்கம் நடைகளை எழுதினாள். மேலே நாட்களை எழுதினாள். கட்டங்களில், போர்டு என்ன காட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாக நிரப்பினாள். மூன்று நாள் ஆனது. கோதண்டபாணி பேப்பரை மிதிக்காமல் சுவரோரமாகவே நடந்து பழகினார். முடித்துப் பார்த்தபோது பதினொரு கட்டங்கள் காலி. இரண்டு கட்டங்களில் ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு பதில்கள். இத்தனை வருஷமாக சங்கிலிக்குள் ஒளிந்திருந்த ஓட்டைகள் தரையில் வெட்டவெளிச்சமாகக் கிடந்தன. நூற்று நாற்பது கேள்வியும் உண்மையில் ஒரே கேள்விதான்: எந்த நடை, எந்த நாள்? மற்றதெல்லாம் பதில்கள். பதில்களைப் புரோகிராமுக்குள் எதற்கு எழுத வேண்டும்?

“சார், இந்த அட்டவணைய தனி ஃபைலா மெமரி கார்டுல வெச்சிடலாம். புரோகிராம் அதுல வரிய தேடி எடுத்துக் காட்டும், அவ்ளோதான். ஊர்ப்பேர மாத்தணும்னா கண்டக்டரே செல்போன்ல ப்ளூடூத் போட்டு மாத்திக்கலாம்.”

“ஓடிக்கினு இருக்கிறத எதுக்கும்மா பிரிக்கிற? அவங்களே மாத்திக்கினா அப்புறம் நம்மள யாரு கூப்புடுவாங்க?”

“இப்ப கூப்புடறதே திட்டறதுக்குத்தான் சார்.”

கோதண்டபாணி சிரித்துவிட்டார். “ஒரு வண்டில போட்டுப் பாரு. சவுரிராயன் வண்டில.”

புதுப் புரோகிராம் பழையதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஓடும் எழுத்து, மின்னும் எழுத்து, நிலையான எழுத்து மூன்றுக்கும் தனித்தனியே சின்னச் சின்ன வேலைத்துண்டுகளை எழுதி, எது வேண்டும் என்பதையும் அட்டவணையிலேயே ஒரு நெடுவரிசையாக்கினாள். ஒரே நடைக்கு ஒரே நாளில் இரண்டு வரி இருந்தால் அட்டவணையை ஏற்காமல் எந்த வரி என்று சொல்லும். வரியே இல்லாவிட்டால் ஊகிக்காது. கடைசி ஊரின் பெயரை மட்டும் காட்டும். நாலு ‘இல்லாவிட்டால்’களை அப்படியே விட்டு வைத்தாள். “அது வேணும். கார்டு இல்லன்னா இன்னா பண்றதுன்னு கேக்கணும் இல்ல?” என்றாள் கோதண்டபாணியிடம். ஒரு முறையைக் கண்டுகொண்டோம் என்பதற்காக எல்லாவற்றையும் அதற்குள் திணிக்காத அந்த நிதானம்தான் கதை சொல்லும் எனக்கு அவளிடம் மிகவும் பிடித்தது.

ஒரு மாதம் சவுரிராயன் வண்டியில் புகார் இல்லை. பிறகு பட்டறை போர்டு மாட்டியிருந்த முப்பத்தெட்டு வண்டிகளிலும் மாற்றினார்கள். ஏணியில் ஏறிக் கார்டு போடும் வேலையைப் பெரும்பாலும் ஃபர்ஹீனே செய்தாள். முதலில் தயங்கிய டிரைவர்கள், அவள் துப்பட்டாவை இறுகச் சுற்றிக்கொண்டு மேலே ஏறியதும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள்.

போன மாதம் அவளுடைய சின்னம்மா மகளுக்கு நிக்காஹ். இரண்டு நாள் லீவு. அந்த இரண்டு நாளில்தான் காணை ரோட்டில் பாலம் வேலை என்று வழியை அடைத்துவிட்டார்கள். கல்யாண வீட்டில் பிரியாணிப் பந்தி நடக்கும்போதும் ஃபர்ஹீன் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் சவுரிராயன் வண்டியைத் தேடிப் போனாள். “என்னண்ணே பண்ணீங்க?”

“இன்னா பண்றது? டீ குடிச்சிக்கினே அந்த வரிய மாத்திட்டேன். ஜல்தியா முடிஞ்சிது. நிக்காஹ்ல இருக்கிற பொண்ண எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?”

அவள் நிமிர்ந்து போர்டைப் பார்த்தாள். சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது: ‘காணைக்கு இன்னிக்குப் போவாது’.

சிரிப்பை அடக்க முடியவில்லை. போனை எடுத்து அதைப் படம் பிடித்துக்கொண்டு, ஓர் எழுத்தைக்கூடத் திருத்தாமல் பட்டறைக்கு நடந்தாள்.